முட்டி போட இறக்கி வைத்த கிட்டார்

அண்ணா,

உன் கிட்டார் வீட்டுக்கு வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நான் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசினேன். ஆராதனை முடிந்ததும் செயலாளர் பீரோவைத் திறந்து இதை எடுத்து வந்து என் கையில் திணித்தார். அன்பாகக் கொடுத்தார் என்று நினைத்துவிடாதே. தொல்லை விட்டது என்று கொடுத்த மாதிரிதான் இருந்தது. இப்போது என் கட்டில்மேல் கிடக்கிறது. உறையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. பலமாக இழுத்துத் திறந்தேன், பாச்சை உருண்டை நெடி முகத்தில் அடித்தது. பட்டுப்புடவை மடிப்பில் போடுகிற உருண்டையைக் கிட்டாரின் வயிற்றுக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள். அசைத்தால் உள்ளே கடகடவென்று உருளுகிறது.

வாங்கிய அன்று இதற்குள் இருந்த வாசனை வேறு. கடையில் உட்கார்ந்து அந்த வட்டத் துவாரத்துக்குள் மூக்கை விட்டு முகர்ந்துவிட்டு, "மோந்து பாரு பாப்பா, தச்சுப் பட்டறையில நொழஞ்ச மாரி கீது" என்றாய். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, இருந்தாலும் முகர்ந்தேன். மரத்தூளும் கோந்தும் கலந்த வாசனை. இன்றைக்கும் அதைத் தேடி மூக்கை விட்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். அழுகையா, நெடியா என்று கேட்காதே. கோபம் என்று வைத்துக்கொள்.

கம்பிகள் துரு ஏறிக் கிடக்கின்றன. அவற்றைக் கீழே இழுத்துப் பிடிக்கிற பிரிட்ஜ் பலகையை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கம்பிக்கும் கழுத்துப் பலகைக்கும் நடுவில் என் சுண்டு விரல் தாராளமாக நுழைகிறது. இந்த இடைவெளிக்காகத்தானே நாம் அத்தனை அலைந்தோம். மற்றவர்கள் நல்ல சத்தம் வேண்டும், பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று புதுக் கிட்டார் தேடுவார்கள். உனக்குக் கம்பி தாழ்ந்திருக்க வேண்டும். தொட்டால் போதும், அழுத்த வேண்டியதில்லை என்கிற அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் உன் இடது கை மோதிர விரலின் நுனியைத் தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் தின்றுவிட்டிருந்தது.

அந்தக் கம்பெனியின் பெயரை எழுதக்கூடப் பிடிக்கவில்லை. சிப்காட்டுக்குள் அதே மாதிரி இன்னும் எத்தனையோ இருக்கின்றன. கை உள்ளே இருந்தால் மெஷின் இறங்காதபடி தடுக்க ஒரு சென்சார் வைத்திருப்பார்கள். டார்கெட் முடியவில்லை என்று அதைக் கட்டிப்போட்டு ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினாய். ஆஸ்பத்திரியில் நான் வந்து நின்றபோது நீ கேட்ட முதல் கேள்வி எனக்கு மறக்காது. "எஃப் கார்டு புடிக்க முடியுமா பாப்பா?" கையெல்லாம் கட்டு, ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது, அம்மா மூலையில் உட்கார்ந்து ஜெபம் செய்துகொண்டிருக்கிறாள், உனக்குக் கிட்டாரில் எல்லா விரலும் வேண்டியிருக்கிற அந்த எஃப் கார்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸ் என்னை முறைத்தாள்.

உன் பழைய கிட்டார் கும்மிடிப்பூண்டி பஜாரில் வாங்கியது. பிளைவுட்டில் பெயின்ட் அடித்து, மேலே கம்பி கட்டிய ஒரு பெட்டி என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். கம்பிகள் அவ்வளவு உயரத்தில் நிற்கும். நல்ல விரல் இருந்தபோதே கன்றிப் போகும். விரல் குட்டையான பிறகும் நீ விடவில்லை. ஆள்காட்டி விரல், நடு விரல், சுண்டு விரல் மூன்றையும் வைத்து எல்லா கார்டுகளையும் புதிதாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டாய். ஆறிய விரலின் முனையும் சில இடத்தில் கட்டாயம் வேண்டியிருந்தது. அதை அந்தக் கம்பியின்மேல் வைத்து அழுத்தும்போது உன் முகத்தைப் பார்க்கமாட்டேன். ஞாயிறு சர்ச்சில் பாட்டு முடிந்ததும் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வாய். அம்மா துவைக்கும்போது அந்தப் பையில் மட்டும் கறை இருக்கும்.

அப்போதுதான் நல்ல கிட்டார் என்ற பேச்சு வந்தது. விரலுக்கு என்று கம்பெனி கொடுத்த பணத்தை அம்மா என் கல்யாணத்துக்கு எடுத்து வைக்கச் சொன்னாள். "இன்னொரு வெரலு போச்சின்னா அவ கல்யாணத்துக்கு வெச்சிக்கலாம்மா, இந்த வெரலு என்னுது" என்றாய். எப்போதும் அம்மாவை எதிர்த்துப் பேசாதவன் நீ. அன்று பேசினாய். எனக்கு ஒரே சந்தோஷம். கல்யாணம் தள்ளிப்போகும் சந்தோஷமும் அதில் கொஞ்சம் இருந்தது, உண்மையைச் சொன்னால்.

அதன் பிறகு நீ ஆடின ஆட்டம் இருக்கிறதே. சாப்பிடும்போது செல்போனில் கிட்டார் வீடியோ. கம்பெனி பஸ்ஸில் கிட்டார் வீடியோ. எந்த மரம் எப்படிச் சத்தம் கொடுக்கும், முழுப் பலகைக்கும் ஒட்டுப் பலகைக்கும் என்ன வித்தியாசம், கழுத்துக்குள் இரும்புக் கம்பி ஒன்று ஓடும், அதைத் திருகினால் கழுத்து நிமிரும் என்று எனக்குப் பாடம் எடுக்காத நாள் இல்லை. நான் வயரிங் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து காலை நீட்டினால், என் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு, "மேல்பலகை ஒரே மரமா இருந்தா வயசாவ ஆவ சத்தம் நல்லா ஆவுமாம் பாப்பா" என்பாய். "நமக்கு மட்டும் வயசாவ ஆவ இடுப்பு வலிதான் ஆவுது" என்று நான் சொன்னதற்கு அம்மாகூடச் சிரித்தாள். அந்த வீட்டில் அப்போது சிரிப்பு இருந்தது.

சென்னைக்கு முதல் தடவை போய் வெறுங்கையோடு திரும்பினோம். இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறும்போதே நான் சொல்லிவிட்டேன், இன்றைக்கு வாங்காவிட்டால் உன்னோடு இனி எங்கும் வரமாட்டேன் என்று. மவுன்ட் ரோட்டில் அந்தக் கடை மாடியில் இருந்தது. சுவர் முழுக்கக் கிட்டார்கள் கொக்கியில் தொங்கின. சேல்ஸ்மேன் நேராக ஒரு நீல நிறக் கிட்டாரை எடுத்தான். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது, ஓரத்தில் வளைவு வெட்டியிருந்தது, வயர் சொருக ஓட்டையும் இருந்தது. கூடவே பை இலவசம், பட்டை இலவசம் என்றான். நீ அதைக் கையில்கூட வாங்கவில்லை. அப்போது அவன் உன் விரலைப் பார்த்தான். "சார், கீபோர்டு பாக்குறீங்களா? கைக்கு ஈஸியா இருக்கும்" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இல்ல தம்பி, கிட்டார்தான். கம்பி இறக்கமா கீறதா காட்டு" என்றாய், சாதாரணமாக. அவனுக்கு உறைக்கவே இல்லை. எனக்கு அன்றைக்கு முழுக்க அது எரிந்துகொண்டே இருந்தது. உனக்கு ஏன் அண்ணா எதுவும் எரியவே இல்லை? இதை நான் உன்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

நீ கிட்டார் பார்க்கும் அழகு தனி. ஒவ்வொன்றையும் எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நெடுக நேராக இருக்கிறதா என்று பார்ப்பாய். பின்பலகையை விரல் முட்டியால் தட்டுவாய். ஒரு ரூபாய் நாணயத்தைக் கம்பிக்கு அடியில் விட்டு உயரம் பார்ப்பாய். எல்லாம் திருப்தி என்றால்தான் மடியில் வைப்பாய். வைத்ததும் என்னிடம், "திரும்பிக்கோ" என்பாய். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். எந்தக் கிட்டார், என்ன விலை, என்ன நிறம் எதையும் நான் பார்க்கக்கூடாது. நீ வாசிப்பது மட்டும் கேட்க வேண்டும். எல்லாவற்றிலும் அதே நாலு வரி, நாம் ஞாயிறு பாடுகிற கீர்த்தனையின் நாலு வரி. "கண்ணு பொய் சொல்லும் பாப்பா, வெல இன்னான்னு தெரிஞ்சா காதும் பொய் சொல்லும்" என்பது உன் சித்தாந்தம். கூட்டத்துக்கு நடுவில் ஒருத்தி சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "வேணாம்... வேணாம்... இதுவும் வேணாம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்! வாத்தியாரிடம் தண்டனை வாங்கினவள் மாதிரி நின்றேன்.

ஒரு கட்டத்தில், "இதுதான்" என்றேன். உடனே உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஏய், இன்னும் வாசிக்கவே இல்ல. டியூன்தான் வெச்சிக்கினு கீறேன்" என்றாய். திரும்பிப் பார்த்தேன். மங்கலான பழுப்பு நிறத்தில், எந்தப் பூவேலையும் இல்லாத ஒரு கிட்டார். கடையிலேயே பார்வைக்குச் சுமாராக இருந்தது அதுதான். அப்புறம் நீ வாசித்தாய். குட்டை விரலின் முனையைக் கம்பிமேல் சும்மா வைத்தாய், அவ்வளவுதான், சத்தம் முழுசாக வந்தது. உன் முகத்தை நான் அன்று பார்த்தேன். வலி இல்லாமல் நீ வாசிப்பதை வெகு நாளைக்குப் பிறகு பார்த்தேன். சேல்ஸ்மேன் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டான். நீ பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தாய்.

இதுவரைக்கும் எழுதுவது எளிதாக இருந்தது. இனிமேல்தான் கஷ்டம்.

நம் சபையில் புதிதாக எது வாங்கினாலும் முதல் ஞாயிறு சர்ச்சுக்குக் கொண்டு போகாமல் தொடமாட்டார்கள். பைக் வாங்கினால் சாவி வரும், செல்போன் வாங்கினால் பெட்டியோடு வரும், ஃபிரிட்ஜ் வாங்கினவர்கள் அதைத் தூக்க முடியாதென்று ரசீதைக் கொண்டு வருவார்கள். பலிபீடத்துக்கு முன்னால் முட்டி போட்டு, பொருளைக் கையில் பிடித்துக்கொள்வார்கள். பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபித்ததும் எழுந்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு மேசை இருக்கிறது. வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன்மேல் வைப்பது காணிக்கை. பூசணிக்காய், கோழி, முதல் சம்பளக் கவர் எதுவானாலும் மேசைமேல் போனால் அது கோயிலுடையது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. நம் சபையில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும். உனக்கும் நன்றாகத் தெரியும்.

ஆனால் கிட்டாரைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் அதுவரைக்கும் முட்டி போட்டதில்லை. நான் பெண்கள் பக்கம் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். கழுத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாய். கிட்டாரின் அடிப்பாகம் சிமென்ட் படியில் போய் இடிக்கப் பார்த்தது. சட்டென்று நிமிர்ந்தாய். மறுபடியும் குனிந்தாய். பாஸ்டர் கையைத் தூக்கிக்கொண்டு காத்துக்கொண்டிருந்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். புதுக் கிட்டாரில் கீறல் விழுந்துவிடக் கூடாது என்று, அந்த ஒரே காரணத்துக்காக, அதைத் தூக்கி மேசைமேல் மெல்ல வைத்துவிட்டு முட்டி போட்டாய். தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதைப் போல வைத்தாய். அப்படி வைத்ததுதான் உனக்கு வினையாகப் போயிற்று.

பாஸ்டர் கண்ணைத் திறந்து மேசையைப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது. "ஆண்டவரே, வெரலு போன இந்த மகன் தன் கையின் பலனை உமக்கே காணிக்கையாப் படைச்சானே" என்று ஆரம்பித்தார். உன் முதுகு விறைத்ததை நான் பார்த்தேன். சபை முழுக்க ஸ்தோத்திரம், அல்லேலூயா. ஒரு கிழவி ஓவென்று அழுதாள். அம்மாவைப் பார்த்தேன். நைனா செத்த பிறகு அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. எவன் வயலிலோ காலமெல்லாம் கூலிக்கு நாற்று நட்டவளின் பிள்ளை, இத்தனை பேருக்கு முன்னால் இவ்வளவு பெரிய காணிக்கை கொடுத்துவிட்டான். நீயும் திரும்பி அம்மாவைத்தான் பார்த்தாய். பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஆமென் என்றாய்.

எனக்கு உன்மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆராதனை முடிந்ததும் நான் நேராகச் செயலாளரிடம் போனேன். அவர் யார்? சிப்காட்டில் பாதிக் கம்பெனிக்கு ஆள் சப்ளை செய்கிற காண்ட்ராக்டர். உன்னை அந்த பிரஸ்ஸில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். சபையில் முக்கால்வாசி வீட்டில் அவர் தயவில் அடுப்பு எரிகிறது. "அண்ணன் ஜெபத்துக்குத்தான் கொண்டாந்தாரு, காணிக்கைக்கு இல்ல" என்றேன். அவர் சிரித்தார். "இன்னாம்மா பேசற? மேசைமேல வெச்சத நான் எப்பிடி எடுத்துக் குடுப்பேன்? உங்கண்ணன் வந்து கேக்கட்டும்" என்றார். அவருக்குத் தெரியும் நீ கேட்கமாட்டாய் என்று.

வீட்டில் நடந்ததை நினைவிருக்கிறதா? நான் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "ஆண்டவருக்குப் போனத வாய்வுட்டு கேப்பியாடி? ஒரு வெரலு போனது பத்தாதா? மிச்ச கையும் போவணுமா?" என்றாள். அம்மாவுக்குப் பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீ ஏன் அண்ணா பேசவில்லை? சோற்றைப் பிசைந்துகொண்டு, "வுடு பாப்பா. எங்க போவுது? கோயில்லதானே கீது. நான்தானே வாசிக்கப் போறேன்" என்றாய். பேஜாரு வேண்டாம் என்று நினைத்தாய். உன் வாழ்க்கை முழுக்கவே பேஜாரு வேண்டாம் என்று நீ விட்டுக்கொடுத்ததுதான். அவர்கள் அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கொஞ்ச நாள் நீதான் வாசித்தாய். ஞாயிறு காலை செயலாளர் சாவியோடு வந்து பீரோவைத் திறப்பார், பாட்டு முடிந்ததும் வாங்கி வைத்துப் பூட்டுவார். உன்னுடைய கிட்டாரை நீ வாரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தாய், ஜெயிலில் இருக்கிறவனைப் பார்ப்பது போல. அப்புறம் அவருடைய தங்கை மகன் கிட்டார் கற்றுக்கொண்டான். "அண்ணே, நீங்க ரெஸ்ட்டு எடுங்க, கை வேற அப்பிடிக் கீது" என்று ஒருநாள் உன் மடியிலிருந்து வாங்கிக்கொண்டான். தடித்த கம்பியாகப் போட்டால் மைக்கில் சத்தம் ஏறும் என்று எவனோ சொன்னானாம், மாற்றிவிட்டான். அந்த இழுப்பில் பிரிட்ஜ் அப்போதே தூக்க ஆரம்பித்திருக்க வேண்டும். நீ ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாய்.

வீட்டில் பழைய கிட்டாரை எடுத்தாய். ரெண்டு வாரம், மூணு வாரம். விரல் முனை மறுபடியும் வெடித்தது. ஒருநாள் துடைத்து ஆணியில் மாட்டினாய், பிறகு எடுக்கவே இல்லை. ஆனால் உன் கை நிற்கவில்லை. டீ கிளாஸைப் பிடித்திருக்கும்போதும், புதுவாயல் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும், இடது கை விரல்கள் ஒன்றுமில்லாத இடத்தில் கார்டு மாற்றிக்கொண்டிருக்கும். நான் பார்ப்பது தெரிந்தால் கையைப் பைக்குள் விட்டுக்கொள்வாய். ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாய்: "அந்த மூணாவது கம்பி சத்தம் இன்னும் காதுலயே கீது பாப்பா." மேற்கொண்டு கேட்டால் அழுதுவிடுவாய் போல இருந்தது.

அதே கூட்டு ரோட்டில்தான் லாரி உன்னை அடித்தது. அதைப் பற்றி எழுத எனக்கு வலுவில்லை. அடக்கத்தன்று உன் தலைமாட்டில் செயலாளரின் தங்கை மகன் உட்கார்ந்து உன் கிட்டாரை வாசித்தான். சுருதி சேரவில்லை. உனக்குக் காது கேட்டிருந்தால் பெட்டியிலிருந்து எழுந்து வந்து திருகியிருப்பாய். பாஸ்டர் பிரசங்கத்தில், "தம்மிடம் இருந்த சிறந்ததைக் கொடுத்தவர்" என்றார். அன்றிலிருந்து விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கிற ஒவ்வொரு அறுப்பின் பண்டிகைக்கும் உன் கதை வரும். காணிக்கை கொடுக்கத் தயங்குகிறவர்களைத் தூண்ட உன் விரல் உதவுகிறது. வருஷத்துக்கு வருஷம் கதை வளர்கிறது. நீ கிட்டாரை வைக்கும்போது கண்ணீர் விட்டாயாம். கடையிலேயே ஆண்டவருக்கென்று பேசித்தான் வாங்கினாயாம். நான் அந்தக் கடையில் சுவரைப் பார்த்து நின்றவள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இந்த வருஷமும் அறுப்பின் பண்டிகை வந்தது. மேசை நிறைய வாழைத்தாரும் நெல் மூட்டையும் இருந்தன. பாஸ்டர் ஆரம்பித்தார். இந்தத் தடவை புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. "கை முழுசும் போனாலும் உமக்கே தருவேன் ஆண்டவரேன்னு அந்த மகன் சொன்னான்" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். யோசித்து நிற்கவில்லை. கால் தானாக நின்றது. "எங்கண்ணன் அப்பிடிச் சொல்லல, பாஸ்டரய்யா" என்றேன். மைக் இல்லாமலே என் குரல் கடைசி வரிசை வரைக்கும் போனது. "எங்கண்ணன் குடுக்கவும் இல்ல. கிட்டாரு இடிக்காம முட்டி போடறதுக்காக அங்க இறக்கி வெச்சாரு. அவ்ளோதான். நீங்க எடுத்துக்கினீங்க."

அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். பாஸ்டர், "உக்காரும்மா, துக்கத்துல பேசற. அப்பறமா பேசிக்கலாம்" என்றார். நான் உட்காரவில்லை. ஒருவரும் எனக்காகப் பேசவும் இல்லை. அன்று உனக்குப் பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள். நீ குனிந்ததையும் நிமிர்ந்ததையும் பார்த்தவர்கள். ஒருவர் பைபிளைப் புரட்டினார், இன்னொருவர் ஃபேனைப் பார்த்தார். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் செயலாளர் சேர்த்துவிட்ட வேலையில்தான் இருக்கிறார்கள். பாஸ்டர் பாட்டு எண்ணைச் சொன்னார். எல்லோரும் எழுந்து பாட ஆரம்பித்தார்கள். நான் எழுந்து நின்றது அதில் கரைந்து போயிற்று.

பிறகுதான் செயலாளர் இதைக் கொண்டு வந்தார். "எடுத்துக்கினு போ. இத இப்ப யாரு வாசிக்கிறாங்க? பசங்களுக்குப் புதுசு வாங்கிட்டோம்" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்க விடவில்லை. வேண்டாத சாமானைத்தான் கொடுத்தார். புதியதைப் பார்த்தேன். நீல நிறம், பளபளவென்று கண்ணாடி மாதிரி, வயர் சொருக ஓட்டை.

அம்மா ஐந்து நாளாக என்னோடு பேசவில்லை. நேற்றுதான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மனசாரத்தான் குடுத்தேம்மான்னு அவனே எங்கிட்ட சொன்னான். நீ யாரு அத இல்லைன்னு சொல்ல? எம்புள்ள பேர கெடுத்துட்ட." சொல்லியிருப்பாய். அம்மாவிடம் நீ வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அவளுக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். சபையே பார்க்க அவள் பிள்ளை பெரியவனாக நின்ற நாள். அதை நான் பிடுங்கிவிட்டேன். அதற்காக அவள் என்னைத் திட்டட்டும். ஆனால் நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளமாட்டேன்.

ஏனென்றால் அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். கடையிலிருந்து திரும்பிய அன்று ரயிலில் நல்ல கூட்டம். கிட்டாரை மேலே வைக்கச் சொன்னார்கள். நீ வைக்கவில்லை. மடியில் நிறுத்தி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஸ்டேஷன் வரும்போதெல்லாம் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி உள்ளே பார்த்துவிட்டு மூடுவாய். எதிரில் இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே, "இன்னாபா, கோயிலுக்கா?" என்று கேட்டார். நம் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்திருப்பார். "இல்ல பெரியவரே, எனக்கு" என்றாய். பிறகு என் பக்கம் குனிந்து, திருடியதைச் சொல்வது போல மெல்ல, "யாரு கேட்டாலும் தர மாட்டேன் பாப்பா. நீ கேட்டாலும் தர மாட்டேன்" என்றாய்.

சர்ச்சில் எழுந்து நின்றபோது இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் இதையும் எடுத்து அவர்கள் ஒரு பிரசங்கம் ஆக்கிவிடுவார்கள். கொடுத்தவனை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும் அண்ணா. தர மாட்டேன் என்றவன் எனக்கு வேண்டும்.